தொடங்கிய நாவலை முடிக்கும் வழி



சென்ற மாதம் இதே நேரத்தில் சிறுகதையைப் பற்றிப் பேசினேன். அதைக் கேட்ட சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டம். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனைத் தோட்டமாக மாறியது. கணவர் குலை வெட்டுகிறார். இவர் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார், மாமியாரைப் பெற்ற பாட்டி, எல்லாரும் ஒரே வீட்டில். அவர் கேட்டிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்:

"ஐயா, எங்கள் தோட்டத்தை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டுமென்று நான்கு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் ஓடவில்லை. நான்காவது நோட்டு அப்படியே இருக்கிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நாவல் எழுதி முடிக்க முடியாதா?"

முடியும், சகோதரி. ஆறாம் வகுப்பு இதற்குத் தடை அன்று. நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். அப்படிப்பட்ட நானே என் முதல் நாவலை 1983 இல் தொடங்கி, ஆறாம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டு, பதினோரு ஆண்டுகள் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். உங்களுக்கும் எனக்கும் ஓர் அத்தியாயம்தான் வித்தியாசம். ஆகவே இன்றைய பேச்சை அந்தச் சகோதரிக்குப் பதிலாகவே வைத்துக்கொள்கிறேன். நோட்டுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் மற்றவர்களும் கேட்கலாம்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஏன் நிற்கிறது? சகோதரி தம் மூன்று தொடக்கங்களையும் சுருக்கமாக எழுதியிருக்கிறார். முதலாவதில் பொழுது விடிகிறது, பெரட்டுக்கு மணி அடிக்கிறது, லயத்து மக்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். இரண்டாவது ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறது. மூன்றாவதில் கோலாலம்பூரிலிருந்து ஒரு வாலிபன் காரில் வந்து இறங்குகிறான். மூன்றிலும் முதல் நான்கு அத்தியாயங்கள் இவர் இன்னார், அவர் இன்னார் என்று ஆட்களை அறிமுகம் செய்வதிலேயே போய்விடுகின்றன. அறிமுகம் முடிந்தது. எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. இனி அவர்களுக்கு என்ன வேலை? எழுதுபவருக்கே தெரியாது. அதனால் பேனா நிற்கிறது. திறமைக் குறைவு என்று எண்ணி நாம் மனம் உடைந்துபோகிறோம். உண்மையில் வேலைத் திட்டம் இல்லாமல் ஆட்களைத் திரட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே நான்காவது நோட்டைத் திறக்குமுன் ஒரு தனித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றே வரி எழுத வேண்டும். கதையில் யாருக்கு என்ன வேண்டும் என்பது ஒரு வரி. அதைக் கிடைக்கவிடாமல் தடுப்பது எது அல்லது யார் என்பது இன்னொரு வரி. கடைசியில் அவர் எதைப் பெற்றார், எதை இழந்தார் என்பது மூன்றாவது வரி. அழகான வாக்கியங்கள் வேண்டாம். கடைக்குச் சாமான் எழுதுவதுபோல எழுதினால் போதும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்த சங்கதி. 1968 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி குடியுரிமை இல்லாதவர்கள் இந்நாட்டில் வேலை செய்ய 1969 முதல் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் அதனால் வேலை இழந்து தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். இப்போது மூன்று வரியைப் பாருங்கள். ஒருவன், நாற்பது வயது, பால்வெட்டுத் தொழிலாளி; மனைவி மக்களோடு இந்தத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். அவன் இங்கே பிறந்தவன் என்று காட்டக் காகிதம் இல்லை. கடைசியில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காகிதம் சரியாக இருக்கிறது. அவன் மட்டும் தனியே கப்பலேறுகிறான்.

இந்த மூன்று வரி கையில் இருந்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று யாராவது யோசிக்க வேண்டுமா? அவன் ஆபீசுக்குப் போவான். பிறப்புச் சூரை எங்கே என்று கேட்பார்கள். தன்னைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தேடுவான், அவள் இறந்திருப்பாள். பழைய தோட்டத்துக் கிராணியைத் தேடிப் பக்கத்து மாநிலம் போவான். அந்தத் தோட்டமே துண்டாடி விற்கப்பட்டிருக்கும்; செக்ரோல் புத்தகம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. நான் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. முடிவு தெரிந்ததால் நடுப்பகுதி தானே வருகிறது. ஊர் தெரிந்தால்தானே பஸ் ஏற முடியும்!

எழுதும்போது முடிவு மாறலாம். என் நாவலில் மாறியது. மாறினால் அந்தத் தாளை அடித்துவிட்டு வேறு மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். தாள் இல்லாமல் மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. நாவல் என்றவுடன் மலைபோல் ஒரு புத்தகம் கண்முன் நிற்கிறது. கணக்குப் போட்டால் மலை சிறிதாகிவிடும். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில் ஒரு பக்கம் நெருக்கமாக எழுதினால் ஏறக்குறைய 150 சொற்கள் கொள்ளும். 45,000 சொற்கள் இருந்தால் அது ஒரு நல்ல நாவல். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால் 300 நாள். தீபாவளி, தைப்பூசம், பிள்ளைக்குக் காய்ச்சல், உறவில் ஒரு சாவு என்று நாள்கள் கழியும். அவற்றையும் சேர்த்தால் பதினான்கு மாதம். ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆகும். கை பழகாதவருக்கு முக்கால் மணி.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. ஒரு நாளைக்கு 400, 500 மரம். விடியுமுன் போய்விடுவார். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். கத்தியை மெல்லிசாக இழுத்துப் பட்டையைச் சீவுவார், ஒரு காகிதக் கனம்தான் இருக்கும். அவசரக்காரர்கள் ஆழமாக வெட்டி அன்றைக்கு நிறையப் பால் எடுத்துவிடுவார்கள். ஆனால் கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகிவிடும். பிறகு அங்கே வெட்டவே முடியாது. மண்டோர் வந்து சத்தம் போடுவார்.

நான் 1983 இல் செய்தது அந்த ஆழ வெட்டுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவு வரை உட்கார்ந்து இருபது பக்கம் எழுதினேன். அடுத்த நாள் கையும் வலித்தது, மனமும் வறண்டது. அடுத்த ஞாயிறு வரட்டும் என்று விட்டேன். அந்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு மழை, கூரை ஒழுகியது. இரண்டு மாதம் கழித்து நோட்டை எடுத்தபோது கதையில் வருபவர்களின் பெயரே எனக்கு மறந்திருந்தது! தினமும் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அந்த இரண்டு மாதத்தில் அறுபது பக்கம் வந்திருக்கும்.

இன்னொரு பழக்கமும் சொல்லுகிறேன். அன்றைய பக்கத்தை முடிக்கும்போது, மறுநாள் என்ன வரும் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு எழுந்திருக்காதீர்கள். "நாளைக்கு: கிராணி கதவைத் தட்டுகிறார்" என்று பென்சிலால் அடியில் ஒரு குறிப்பு. மறுநாள் களைத்துப்போய் வந்து உட்காரும்போது அந்தக் குறிப்பு நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

எழுதி முடியும்வரை முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கவே கூடாது. இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சகோதரியின் மூன்று தொடக்கங்களும் எப்படி வந்தன? ஐந்தாவதில் நின்றதும் முதலிலிருந்து படித்துப் பார்த்திருக்கிறார். நன்றாக இல்லை என்று தோன்றியிருக்கிறது. கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். முதல் எழுத்து யாருக்குத்தான் நன்றாக இருக்கும்? ஏதேனும் திருத்தம் தோன்றினால் வேறொரு சிறு நோட்டில் "மூன்றாம் அத்தியாயத்தில் மாமனுக்கு மீசை வேண்டும்" என்று எழுதிவிட்டு, முன்னே போய்க்கொண்டிருங்கள். அந்தச் சிறு நோட்டு நிறைந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். வேலை நடக்கிறது என்று பொருள்.

சிலர் கைத்தொலைபேசியிலேயே தமிழில் தட்டி எழுதுகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் வாரம் ஒரு முறை அதை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் நாவலும் விழுந்துவிடும்.

இப்போது அந்தச் சகோதரியின் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஐயா, தாங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தங்கள் மனைவி கேட்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். இரவுச் சாப்பாடு முடிந்தபின் பாத்திரத்தைப் பிள்ளைகள் கழுவட்டும், இல்லாவிட்டால் தாங்கள் கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை, ஒரு விளக்கு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது. இவ்வளவுதான். என் மனைவி இதைச் செய்யாதிருந்தால் நான் முடித்திருக்கமாட்டேன். ஆண்கள் எழுதும்போது வீடே அடங்கிப் போகிறது. பெண்கள் எழுதினால் மட்டும் அடுப்பில் பால் பொங்குகிறது. இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மொழியைப் பற்றிப் பலருக்கும் ஓர் அச்சம் இருக்கிறது. இலக்கணமாக எழுத வராது, தோட்டத்துப் பேச்சுத்தான் வரும் என்பார்கள். கதை சொல்லும் பகுதியைப் பத்திரிகைத் தமிழில் எழுதுங்கள். அது எல்லாருக்கும் வரும். ஆட்கள் பேசும் இடத்தில் அவர்கள் பேசுகிறபடியே பேசட்டும். தீம்பார், பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்று வரும்போது அச்சொற்களுக்குப் பக்கத்தில் பொருள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் காய்ந்த ஒட்டுப்பாலை மங்கிலிருந்து பிய்த்துக் கூடையில் போட்டாள் என்று எழுதினால், தோட்டத்தையே பார்க்காதவருக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும். சீ. முத்துசாமி எழுதிய 'மண்புழுக்கள்' நாவலைத் தேடிப் படியுங்கள். தோட்டத்துப் பேச்சைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும்.

தமிழகத்து எழுத்தாளர் அகிலன் மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய், நம் தோட்ட வாழ்வை வைத்து 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலை எழுதினார். விருந்தாளியாக வந்தவரின் கண்ணில் பட்டது அது. நாம் அதை நன்றியோடு படிக்கிறோம். ஆனால் லயத்துச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டார் முணுமுணுப்பது விருந்தாளிக்குக் கேட்காது. உங்களுக்குக் கேட்கும்.

படிக்க வேண்டிய வேறு சில நாவல்களையும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில்பாதையைப் பற்றி ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' 1993 இல் வந்தது. அதே துயரத்தை அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்று 2005 இல் எழுதினார். அவர் 1930 இல் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த நூல் வரும்போது அவருக்கு 75 வயது. எனக்கு வயதாகிவிட்டது, இனி என்ன எழுதுவது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிக்கும்போது கதைக்காக ஒரு முறை படியுங்கள். மறுமுறை, ஒரு தச்சர் இன்னொருவர் செய்த நாற்காலியைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பாருங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை ஆட்கள் வருகிறார்கள் என்று எண்ணுங்கள்.

பழங்காலத்தை எழுதுபவர்கள் காலத்தைச் சரிபார்க்க வேண்டும். சென்னைக்கும் பினாங்குக்கும் ஓடிய ரஜூலா கப்பலை நம் பெரியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அது 1926 இல் கட்டப்பட்டு, 1973 வரை இந்தப் பக்கம் ஓடியது. உங்கள் கதாநாயகன் 1978 இல் ரஜூலாவில் வந்து இறங்கினால், கப்பலில் வந்த பெரியவர் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். சயாம் ரயில்பாதை ஏறக்குறைய 415 கிலோமீட்டர்; 1942 இல் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. ஆகவே 1944 இல் ஒருவனைப் 'புதிதாகப் பாதை போடக்' கொண்டுபோனார்கள் என்று எழுத முடியாது. ஜப்பானியரின் வாழைமர நோட்டு 1945 இல் அவர்கள் சரணடைந்ததும் வெறும் காகிதமாயிற்று. இத்தகைய விவரங்கள் நூல்நிலையத்தில் கிடைக்கும். கிடைக்கும்வரை எழுதாமல் இருக்காதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். விவரம் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதாமல் காலம் கழிப்பது சுகமான சோம்பல். நானும் அதில் கிடந்தவன்தான்.

ஆனால் நூல்நிலையத்தில் கிடைக்காத விவரம் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அவசரம் வேண்டும்.

என் தாயாருக்கு ஜப்பானியர் காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தோட்டத்துக்குள் லாரி வந்து ஆள் பிடித்த ஒரு நாளில், அவரும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த விறகு அடுக்கில் ஒளிந்திருந்தார்கள். பையனுக்கு இருமல். இருமிவிட்டான். அவனைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இதை என் தாயார் ஒரே ஒரு முறை, நான் சிறுவனாக இருக்கும்போது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார். என் நாவலின் ஏழாம் அத்தியாயம் அதுதான். அந்தப் பையனின் பெயர் என்ன, அவனுடைய தாய் பிறகு என்ன ஆனாள் என்று கேட்டுக்கொண்டு எழுதலாம் என ஆறாம் அத்தியாயத்தில் நிறுத்தினேன். அடுத்த விடுமுறைக்குக் கேட்கலாம், அதற்கடுத்த விடுமுறைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். 1994 இல் அவர் காலமானார். நாவலை 1996 இல் முடித்தேன். அந்தப் பையனுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன். அது அவன் பெயர் அன்று.

சகோதரி, உங்கள் வீட்டுப் பாட்டிக்கு 92 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலை நாளைக்கே தொடங்காவிட்டாலும் பரவாயில்லை. பாட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள். 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பெரியவர்கள் 'என்னத்தச் சொல்றது போ' என்பார்கள். சிறிய கேள்வியாகக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது மரவள்ளிக் கிழங்கை எப்படியெல்லாம் சமைத்தீர்கள்? சாக்கைத் துணியாகக் கட்டினார்களாமே, உடம்பு அரிக்காதா? லயத்தில் உங்களுக்கு இடப்பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? கை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது கேட்பது நல்லது. வெற்றிலை இடிக்கிற நேரம் மிகவும் நல்லது. அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மேலே தேதி போடுங்கள். பெயர்களைக் கேளுங்கள். முக்கியமாகப் பெயர்களை.

ஆனால் கேட்டதையெல்லாம் அப்படியே நாவலில் போட்டுவிடக் கூடாது. இதில் நான் ஒரு தவறு செய்தேன், மறைக்காமல் சொல்லுகிறேன். எங்கள் லயத்தில் இருந்த ஓர் அம்மையாருக்குக் குடும்பத்தில் ஒரு துன்பம். ஊருக்கே தெரிந்ததுதான். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அவர் வீட்டு வாசலில் இருந்த கொய்யா மரத்திலிருந்து அவர் கட்டும் சேலை நிறம் வரை அப்படியே எழுதினேன். புத்தகம் வந்தது. அவருடைய மருமகள் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் தோட்டத்துக்குப் போனபோது அந்த அம்மையார் சண்டை போடவில்லை. "தம்பி, நல்லா எழுதிருக்கப்பா. எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இரண்டாம் பதிப்பில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். முதல் பதிப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

ஆகையால் உயிரோடிருப்பவரின் துன்பம் கதைக்குத் தேவைப்பட்டால், துன்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள், பெண்ணை ஆணாக்குங்கள், வேறு தோட்டத்தில் குடிவையுங்கள். அப்படி மாற்றும்போதுதான் கதை கற்பனையாக வளரும் என்பதும் என் அனுபவம். கேட்டு அனுமதி பெறக்கூடியவரிடம் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

எழுதி முடித்தபின் என்ன செய்வது? ஒரு மாதம் நோட்டைத் தொடாதீர்கள். பிறகு யாரையாவது உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள். கேட்பவர் எங்கே கொட்டாவி விடுகிறார், எங்கே 'யார் இந்த முனியம்மா?' என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தைச் சுருக்குங்கள். அப்போதுதான் அந்தச் சிறு நோட்டிலுள்ள திருத்தங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதும் உரிமை உங்களுக்கு இப்போது வந்துவிட்டது. அநேகமாக முதல் இரண்டு அத்தியாயமும் தேவையே இல்லை என்று தோன்றும். என்னுடையதில் மூன்று போயின.

கையெழுத்துப் பிரதியை நகல் எடுக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். போட்டிக்கு அனுப்பினாலும் சரி, நண்பர் கேட்டாலும் சரி.

அச்சிடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்நாட்டில் தமிழ் நாவல் எழுதுபவர்கள் பெரும்பாலும் தாமே செலவு செய்து அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, வருகிறவர்கள் கொடுப்பதைக் கொண்டு கடனை அடைக்கிறார்கள். அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். 300 படி போதும். அச்சகத்தார் 1000 படி போட்டால் ஒரு படியின் விலை குறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மிச்சம் 700 படி உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணைத் தேசிய நூலகத்தில் கேட்டுப் பெறலாம். 1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூலின் படிகளை அந்நூலகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். நல்ல சட்டம். நம் வீட்டில் கரையான் அரித்தாலும் அங்கே இருக்கும்.

உடனே வெளிவராவிட்டால் என்ன? ப. சிங்காரம் என்று ஒருவர். 1920 இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938 இல் நமக்கு அக்கரையிலுள்ள மேடானுக்கு வேலைக்கு வந்து, போருக்குப் பின் 1946 இல் ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தார். வாழ்நாளில் இரண்டே நாவல்கள்தாம் எழுதினார். மேடானும் பினாங்கும் போர்க்காலமும் வரும் 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடிந்து பல ஆண்டுகள் கிடந்து, 1972 இல்தான் புத்தகமாயிற்று. அப்போதும் பெரிதாகப் பேசுவாரில்லை. இன்று தமிழின் சிறந்த நாவல்களைச் சொல்பவர்கள் அதை விட்டுவிட்டுச் சொல்வதில்லை. எழுதி முடித்து வைத்திருந்ததால் அது காத்திருக்க முடிந்தது. ஐந்து அத்தியாயத்தோடு நின்றிருந்தால் எதற்காகக் காத்திருப்பது?

நேரம் முடியப்போகிறது. சகோதரி, அந்த மூன்று வரித் தாளை எழுதி, ஒரு நகலை வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள். பெயர் சொல்லாமல் அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேசுகிறேன். மற்ற நேயர்களும் அனுப்பலாம்; தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், தெளிவான எழுத்தில். பாட்டியிடம் கேட்டதை அனுப்ப வேண்டாம். அது உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.

வணக்கம்.